சர்க்கரையா, வறட்சியா? தாவரவியல் ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

தாவர உயிரியல் ஆய்வு வழிகாட்டிகளுக்கும் ஆய்வேட்டுத் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம். "வறட்சியில் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ நான்கு மடங்கு கூடியது, ஆகவே இதுதான் செடியைக் காக்கிறது" என்று முடியும் ஆய்வேடுகளை அப்படியே ஏற்காதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது மற்ற மரபணுக்களின் செயலை அடக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ இழை. கூடியது என்பது ஓர் அளவு, அவ்வளவுதான். அது எதை அடக்கியது, அடக்கியதால் செடிக்கு என்ன ஆயிற்று என்பவை தனிக் கேள்விகள்.

398ஆம் மைக்ரோ ஆர்.என்.ஏவையே பாருங்கள். 21 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளம். சிஎஸ்டி1, சிஎஸ்டி2 என்ற இரு சூப்பர் ஆக்சைடு டிஸ்முட்டேஸ் நொதிகளை, அதாவது செல்லில் சேரும் தீங்கான ஆக்சிஜன் வடிவத்தை நீக்கும் நொதிகளை, இது அடக்குகிறது. இரண்டுக்கும் தாமிரம் தேவை. மண்ணில் தாமிரம் குறைந்தால், மரபணுக்களை இயக்கும் எஸ்பிஎல்7 என்ற புரதம் 398ஐக் கூட்டுகிறது. நொதிகள் குறைய, இருக்கிற கொஞ்சத் தாமிரம் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய பிளாஸ்டோசயனின் என்ற புரதத்துக்குப் போகிறது.

இப்போது வளர்ப்பு ஊடகத்துக்கு வாருங்கள். ஆய்வகத்தில் செடி வளர்க்கப் பயன்படும் முராஷிகே-ஸ்கூக் ஊடகத்தில் லிட்டருக்கு 0.025 மில்லிகிராம் தாமிர சல்பேட்தான் இருக்கிறது, அதாவது 0.1 மைக்ரோமோலார். பாதி வலிமையில் கரைத்தால் அதிலும் பாதி. ஆகவே ஊடகத்தின் தாமிர அளவே 398ஐ மாற்றக்கூடும். சுக்ரோஸ் (சர்க்கரை) சேர்த்தாலே 398 கூடும் என்பது, ஆய்வகங்களில் மாதிரிச் செடியாகப் பயன்படும் அரபிடாப்சிஸில் 2008லேயே காட்டப்பட்டது. ஒரு தொகுதிச் செடியைச் சர்க்கரை ஊடகத்திலும் இன்னொன்றைச் சர்க்கரை இல்லாமலும் வளர்த்து ஒப்பிட்டால், கிடைக்கும் வேறுபாட்டுக்கு வறட்சி என்று பெயர் வைக்க முடியாது.

பலனும் ஒரே திசையில் போவதில்லை. 398க்குப் பிடிபடாத சிஎஸ்டி2 மரபணுவைப் பெற்ற அரபிடாப்சிஸ், கடும் ஒளியையும் கன உலோகங்களையும் நன்றாகத் தாங்கியது (2006). அப்படிப் பிடிபடாத வடிவங்களைக் கொண்ட செடிகளே வெப்பத்தில் எளிதாக வாடின (2013). ஆகவே "அழுத்தத்தைத் தாங்கும்" என்ற சொல் போதாது. எந்த அழுத்தம் என்று எழுதச் சொல்லுங்கள்.

அளவிடுவதிலும் சிக்கல் உண்டு. செடியிலிருந்து ஆர்.என்.ஏ பிரிக்கும்போதே சிற்றிழைகள் நிறையத் தொலைகின்றன. வழக்கமான சிலிக்கா வடிகுழல் 200 எழுத்துக்குக் குறைந்த இழைகளைக் கழுவிவிடும். டிரைசால் என்ற கரைசலால் ஆர்.என்.ஏ பிரிக்கும் முறையில் கடைசிக் கழுவலுக்கு 70 சதவீத எத்தனால் எடுத்தால் சிற்றிழைகள் கரைந்துபோகலாம். 80 சதவீதம் நல்லது. தாவர மைக்ரோ ஆர்.என்.ஏவின் 3' முனையில் மெத்தில் தொகுதி இருக்கிறது. அதனால் இழையின் முனையில் 'ஏ' எழுத்துகளின் வரிசையைச் சேர்த்து அளக்கும் பாலி-ஏ வால் ஒட்டும் முறை, விலங்கு இழைகளில் போல இங்கே நன்றாக வேலை செய்யாது. ஆர்.என்.ஏவை டி.என்.ஏவாகப் படியெடுக்க, கடைசி 6 எழுத்துகளைப் பிடிக்கும் கொண்டை வடிவ பிரைமர் (படியெடுப்பைத் தொடங்கும் சிறு இழை) பொருத்தமானது: 16 டிகிரியில் 30 நிமிடம், பிறகு 30, 42, 50 டிகிரிகளில் 60 சுற்று. இப்படிப் படியெடுக்கும் தலைகீழ் படியெடுப்பு நொதி சேர்க்காத ஒப்பீட்டுக் குழாய் ஒன்றும் ஓடியிருக்கிறதா பாருங்கள்.

அடுத்து, வெட்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ தன் இலக்கான தூது ஆர்.என்.ஏவை வெட்டச் செய்யும். வழிகாட்டும் இழையின் (அந்த மைக்ரோ ஆர்.என்.ஏவின்) 5' முனையிலிருந்து 10, 11ஆம் எழுத்துகளுக்கு இடைப்பட்ட இடத்துக்கு நேரே இலக்கு வெட்டுப்பட்டதை, வெட்டு முனையைக் கண்டறியும் 5' ரேஸ் முறையில் காட்ட வேண்டும். அதுவும் போதாது, 398 வெட்டாமலும் புரத ஆக்கத்தைத் தடுக்கும். தூது ஆர்.என்.ஏ குறையவில்லை என்பதால் அடக்கல் இல்லை என்றாகிவிடாது. சிஎஸ்டி2 புரதத்தை வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனையில் அளக்க வேண்டும்.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) முன்பே ஊடகத்தின் தாமிர அளவையும் சுக்ரோஸ் அளவையும் செய்முறைப் பகுதியில் தேடுங்கள். அவை இல்லையென்றால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

அன்புடன்,
தாவர ஆர்.என்.ஏ ஆய்வில் இருப்பவர்கள்