டோஹால இருக்கிற மகனுக்கு, கிட்னி ரிப்போர்ட் விசயமா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. நீ வாட்ஸ்அப்ல போட்ட ரிப்போர்ட்ட நல்லா பெரிசாக்கிப் பாத்தேன், அப்பாவோட கிளினிக் கொப்பியையும் பக்கத்துல வச்சிக்கிட்டுதான் பாத்தேன். கிரியேட்டினின் 115ன்னு இருக்கு (மைக்ரோமோல் கணக்கு), இங்க எழுதுற மில்லிகிராம் கணக்குக்கு அது 1.3. ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி ரத்தத்த எவ்வளவு வடிகட்டுதுங்கிற கணக்கு, 76. யூரின்ல புரோட்டீன் லேசா இருக்குன்னு ஒரு குறி. இத வச்சிக்கிட்டு ஒன் ரூம்ல ஒருத்தன் புரோட்டீன் பவுடர் கிட்னிய முடிச்சிருச்சின்றான், இன்னொருத்தன் அதெல்லாம் ஒன்னுமில்ல மச்சான்றான், நீ என்னான்னா ஜிம்ம விட்டுறவா அம்மான்னு வாய்ஸ்ல கேக்குற. ரெண்டு பேர் சொல்றதையும் எடுக்காத தம்பி. ஜிம்மையும் விடாத.

கிரியேட்டினின் சதையில இருந்து வாற கழிவு. சதை கூட உள்ளவனுக்கு அது கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அந்த 76ம் இந்த கிரியேட்டினினையும் ஒன் வயசையும் ஆம்பளையா பொம்பளையாங்கிறதையும் வச்சி போட்ட கணக்குதான், நீ எவ்வளவு வெயிட் தூக்குறன்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு மேல நீ டெஸ்டுக்கு முந்துன நாள் ஜிம்ல காலுக்கு எக்சசைஸ் அடிச்சிருக்க, ராத்திரி கோழியும் சாப்பிட்டிருக்க. சமைச்ச இறைச்சி சாப்பிட்டா கொஞ்ச நேரத்துக்கு கிரியேட்டினின் ஏறும், கடுமையா எக்சசைஸ் செஞ்சா ஒரு நாள் ரெண்டு நாளைக்கு யூரின்ல புரோட்டீன் வரும், செல நேரம் ரத்தம் கூட லேசா காட்டும், பொறவு தானா போயிரும். கிரியேட்டின் பவுடர் குடிக்கிறவனுக்கும் நம்பர் கூடும். அதனால மறுபடி எடு, ரெண்டு நாள் ஜிம் பக்கம் போகாம, முந்துன ராத்திரி இறைச்சி இல்லாம, தண்ணிய வழமையா குடிச்சிட்டு போய் குடு. குடிக்கிற பவுடர் எல்லாத்தையும் டாக்டர்ட்ட ஒளிக்காம சொல்லு. அப்பவும் இப்படியே வந்தா சிஸ்டாட்டின் சின்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, அது சதையப் பாத்து அவ்வளவா மாறாது, அத செய்யலாமான்னு கேளு. யூரின்ல அல்புமின்ங்கிற புரோட்டீன் எவ்வளவு போகுதுன்னு காட்டுற ஏசிஆரும் பாக்கச் சொல்லு, mg/g கணக்குல 30க்கு கீழ இருந்தா நல்லது.

ஆனா சும்மா விட்டுறவும் ஏலாது. அப்பாவ நெனச்சிப் பாரு. தேயிலைக் கவ்வாத்து மலையில கத்தி புடிச்ச மனுசன், ஒடம்புல ஒரு பிடி கொழுப்பு கிடையாது, அவர மாதிரி மேல மலைக்கு மூச்சு வாங்காம ஏறுறவங்க நம்ம டிவிசன்லயே இருக்கல்ல. தலைவலியும் இல்ல, கால் வீக்கமும் இல்ல. கண்ணு காட்டப் போன எடத்துலதான் பிரஷர் பாத்தாங்க, 180க்கு 110. அதுக்குப் பொறவு ரத்தம் பாத்தா கிட்னி பாதிக்கு மேல கொறஞ்சிருந்துச்சி. கிட்னி அப்படித்தான், ரொம்ப போற வரைக்கும் ஒன்னையும் வெளிய காட்டாது. நம்ம வீட்ல பிரஷர் இருக்கு, பாட்டிக்கு சீனி வருத்தம் இருந்துச்சி, அதனால ஒனக்கு 29 வயசுதான்னு இருக்காம பிரஷரும் சீனியும் பாத்துக்க. ஒடம்பு கல்லு மாதிரி இருக்குன்னு கிட்னியும் அப்படி இருக்கும்னு நெனைக்கக் கூடாது. அநுராதபுரம், பொலன்னறுவை பக்கம் 1990கள்ல இருந்து சீனியும் பிரஷரும் இல்லாத வயல்காரங்களுக்கே கிட்னி வருத்தம் வருது, நம்ம பதுளை மாவட்டத்துலயும் கிராந்துருகோட்டை பக்கம் இருக்கு. எல்லாம் வெயில்ல நின்னு மாடா ஒழைச்ச ஆளுங்க. தண்ணியா, வயலுக்கு அடிக்கிற மருந்தா, வெயிலான்னு இன்னும் ஒரு முடிவு வரல்ல. நிகராகுவா, எல் சல்வடோர்ல கரும்பு வெட்டுறவங்களுக்கும் இதே மாதிரி வருதுங்கிறாங்க, அங்க வெயிலையும் தண்ணி வத்துறதையும்தான் பெரிய காரணமா சொல்றாங்க. நீ இருக்குற எடத்து வெயில நெனச்சாதான் எனக்கு பயம்.

இப்ப நான் உண்மையா எதுக்குப் பயப்படுறேன்னா, பவுடருக்கு இல்ல, நீ முதுகு வலிக்குதுன்னு போடுறியே அந்த மாத்திரைக்கு. இபுபுரூபன், டைக்ளோபெனக் எல்லாம் ஒரே கூட்டம். தோட்டத்து டிஸ்பென்சரில இருந்த காலத்துல இருந்தே நான் இத எல்லார்ட்டயும் சொல்லுவேன். ஒடம்புல தண்ணி கொறஞ்சா கிட்னி தனக்கு ரத்தம் வாற குழாய விரிச்சி வச்சிக்கிட்டு சமாளிக்கும், அந்த விரிச்சி வைக்கிற வேலையத்தான் இந்த மாத்திரை தடுக்குது. அப்ப வெயில்ல வேர்த்து, சைட்ல நாள் முழுக்க நின்னு, ராத்திரி ஜிம்முக்கும் போயி, வலிக்குதுன்னு வெறும் வயித்துல ரெண்ட போட்டா ரெண்டு பக்கத்தாலயும் அடி. ஒரு நாள் போட்டதுக்கு ஒன்னும் ஆகிறாது, ஆனா நீ பாமசில சும்மா வாங்கி வாரக் கணக்கா போடுற ஆளு. அத நிறுத்து. வலிச்சா பெனடோல் (பாராசிட்டமோல்), பாக்கெட்ல போட்டிருக்குற அளவுக்கு மேல போகாம. முதுகு வலி விடலன்னா டாக்டர்ட்ட காட்டு.

இன்னொன்னு, நீ லீவுல வந்துட்டுத் திரும்பிப் போன மொத வாரம். நம்ம குளிருல ஒரு மாசம் இருந்தா ஒடம்பு அந்த வெயில மறந்துரும், திரும்பப் பழக ஒரு வாரம் ரெண்டு வாரம் ஆகும். அந்த நாள்ல போய் விட்டதையெல்லாம் ஒரே நாள்ல புடிக்கிறேன்னு வெயிட் தூக்காத. சதை அளவுக்கு மீறி அடிபட்டா உள்ள ஒடைஞ்சி ரத்தத்துல கலந்து கிட்னிய அடைக்கும். சதை வீங்கி, தொட ஏலாம வலிச்சி, ஒண்ணுக்கு பிளேன்டி நெறத்துல போனா அன்னிக்கே எமர்ஜென்சிக்கு ஓடு, விடியட்டும்னு படுக்காத. ஜூன் 1ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் பகல் 10ல இருந்து மூன்றரை வரைக்கும் வெளி வேலை கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு, அந்த நேரத்துல நெழல்ல ஒக்காரு, பொடியனுங்களையும் ஒக்கார வை.

சாப்பாடு. ஆரோக்கியமா இருக்குறவனுக்கு புரோட்டீன் கூட சாப்பிட்டா கிட்னி கெடும்னு நல்ல ஆதாரம் இல்ல. சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் போதும், எக்சசைஸ் செய்றவனுக்கு 1.2ல இருந்து 2 வரைக்கும் சொல்லுவாங்க, நீ 70 கிலோ, அப்ப 110 கிராமுக்கு மேல ஒனக்கு என்னாத்துக்கு? முட்டை ஒன்னுல 6 கிராம் இருக்கு, கோழி 100 கிராம்ல 30கிட்ட இருக்கு, பருப்பும் கடலையும் இருக்கு, கூட்டிப் பாரு, பவுடர் அரை ஸ்கூப்புக்கு மேல தேவப்படாது. ஏற்கனவே கிட்னி பழுதான அப்பாவுக்குத்தான் கணக்கு வேற, அவருக்கு கொறைக்கச் சொன்னாங்க.

உப்புலதான் நம்ம சனம் கெட்டுப் போறது. உலக சுகாதார அமைப்பு சொல்றது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கீழ, ஒரு டீ கரண்டி வரும். நம்ம வீட்ல காலைல ரொட்டிக்கு கட்டச்சம்பல் இடிக்கிறப்பவே பாதி போயிரும், பொறவு கருவாடு, ஊறுகாய், டின் மீன். நீ ரூம்ல திங்கிற நூடுல்ஸ்ல அந்த தூள் பாக்கெட்ட முழுசா கொட்டாத, பாதி போடு. அப்பாவுக்கு நான் இப்ப சம்பல்ல உப்ப கொறைச்சி தேசிக்காப் புளிய கூட விட்டு இடிக்கிறேன், மொதல்ல மொறைச்சாரு, இப்ப கேக்காம சாப்பிடுறாரு.

தண்ணி 6 லீட்டர் குடிக்கணும்னு ஜிம்ல சொல்றத அப்படியே எடுக்காத. ஒண்ணுக்கு வெளிறின மஞ்சளா போகணும், அதான் அளவு. வெறும் தண்ணிய கண்டபடி குடிச்சா ரத்தத்துல உப்பு கொறஞ்சி தல சுத்தும், ரொம்ப வேர்த்த நாள்ல ஜீவனி மாதிரி உப்பும் சீனியும் உள்ள தூள் ஒன்ன கரைச்சி குடி. காமரங்கா (நட்சத்திரப் பழம்) ஜூஸ் உள்ள கழுவும்னு எவனாவது குடுத்தா வெறும் வயித்துல குடிச்சிறாத, அத நெறைய குடிச்சி நல்லா இருந்தவங்களுக்கே கிட்னி அடிபட்டிருக்கு, அப்பாவுக்கு நான் ஒரு துண்டு கூட குடுக்கிறதில்ல.

நீ நடக்குறது, ஓடுறது, வெயிட் தூக்குறது எல்லாம் பிரஷருக்கும் சீனிக்கும் நல்லது, அது நல்லா இருந்தா கிட்னியும் நல்லா இருக்கும், அதனாலதான் விடாதன்னு சொல்றேன். மே முடியுறதுக்கு முன்னாடி அந்த டெஸ்ட்ட எடுத்துரு, ரிப்போர்ட்ட முழுசா போட்டோ புடிச்சி அனுப்பு, பிரஷர் மேலயும் கீழயும் ரெண்டு நம்பரையும் எழுது. மூணு மாசம் கழிச்சும் நம்பர் சரியில்லன்னாதான் கிட்னி வருத்தம்னு பேசுவாங்க, அதுக்கு முன்னாடி ராத்திரி முழிச்சிக்கிட்டு நெட்ல தேடாத. அப்பாவுக்கு புதன்கெழம கிளினிக், ஒன் ரிப்போர்ட்டையும் கொண்டு போறேன், டாக்டர் என்னா சொல்றாருன்னு அன்னிக்கே வாய்ஸ் போடுறேன்.

அம்மா