எந்தக் கடல், எந்த மாதம் என்று சொல்லாமல் அலைச்சறுக்கு விற்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ராமேஸ்வரம் சுற்றுலா பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். கோயில், பாம்பன் பாலம், அரிச்சல்முனை எல்லாம் சரி. கீழே ஒரு கட்டம் கட்டி, இங்கே வருஷம் முழுக்க அலைச்சறுக்கு, அதாவது சர்ஃபிங், கற்றுக்கொள்ளலாம், வடக்கே இருப்பது பெண் கடல் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்திலேயே ஒரு படம். ஆள் உயரத்துக்கு மேல் சுருண்டு நிற்கிற பச்சை அலை, அதன் வயிற்றுக்குள் ஒரு வெள்ளைக்காரர். எந்த ஊர்ப் படமோ, எங்கள் ஊர்ப் படம் இல்லை. அப்படி ஒரு அலை எங்கள் வடகடலில் எழுந்தால் சறுக்கப் போகமாட்டோம், சாமான்களை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு அக்கரையில் இருக்கிற மண்டபம் ஊருக்கு ஓடுவோம்.

குறை சொல்லவேண்டும் என்று எழுதவில்லை. அந்தக் கட்டத்தை நம்பிப் போகிறவர்களைப்போல நானும் ஒரு தடவை போய் நின்றவள். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது பாம்பன். கட்டிக்கொடுத்தது பரமக்குடியில். முப்பது வருஷமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன். வயது 52. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். தம்பிகள் நடக்கத் தெரிந்ததும் நீந்தினார்கள். எனக்கும் பத்து வயது வரை கடல்தான் விளையாட்டு. பெரிய மனுஷியானதும் கரைப்பக்கம் போகக்கூடாது என்று ஆகிவிட்டது. இத்தனைக்கும் சின்னப்பாலத்துப் பெண்கள் சேலைமேல் ஆம்பளைச் சட்டையைப் போட்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாசி எடுக்க முங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கு ஒரு நியாயம், எங்கள் வீட்டில் ஒரு நியாயம். அது போகட்டும்.

போன மே மாதம் லீவுக்கு எல்லோரும் அம்மா வீட்டில் கூடியிருந்தோம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகன், "நீயும் ஒரு நாள் கடல்ல இறங்கும்மா" என்று சொல்லி, போனிலேயே எனக்கு ஒரு அலைச்சறுக்கு வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டான். முதன்முதலாகக் கற்பவர்களுக்கான தனிப் பயிற்சி, ஒரு ஆளுக்கு ஒரு மாஸ்டர், ஒன்றரை மணி நேரம், 2,500 ரூபாய். தீவின் வடகரையில் ஓரிடம். என் அம்மாவுக்கு 76 வயது. திண்ணையில் இருந்தபடியே, "சோழகம் அடிக்கிறப்ப வடக்குப் பக்கம் ஏதுடி அலை?" என்றார். தெற்கத்திக் காற்றைத்தான் நாங்கள் சோழகம் என்போம். "அம்மாச்சி, அவங்களுக்குத் தெரியாதா?" என்றான் மகன்.

போய்ப் பார்த்தால் கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கிறது. மாஸ்டர் வெளியூர்ப் பையன். நல்ல பையன், மரியாதையாகப் பேசினான். இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று அவனே சொன்னான். மணலில் பலகை அளவுக்குக் கோடு போட்டு, குப்புறப் படுக்கச் சொன்னான். கையை நெஞ்சுக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே எழுச்சியில் காலை முன்னே கொண்டுவர வேண்டும். கால்மணி நேரம் அதைச் செய்தேன். அப்புறம் பலகையோடு இணைந்த கயிற்றைக் கணுக்காலில் கட்டிவிட்டான். அந்தப் பட்டை வெல்க்ரோவில் ஒட்டுவது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது செத்த வெல்க்ரோ. கொக்கிப் பக்கம் முழுக்க மணலும் நூல் பிசிறும் அடைத்து மொட்டையாகியிருந்தது. எங்கள் கடையில் பிள்ளைகளின் ஸ்கூல் பையில் அப்படி ஒன்று வந்தால் பிரித்து எறிந்துவிட்டுப் புதுசு வைப்பேன். அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றேன். படித்த பையன், அவனுக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். இப்போதும் அதை நினைத்தால் என்மேல்தான் கோபம் வருகிறது.

அலை இல்லாததால் அவனே பின்னாலிருந்து பலகையைத் தள்ளிவிட்டான். மூன்றாவது தடவை நான் பக்கவாட்டில் விழுந்தேன். நெஞ்சளவுத் தண்ணீர்தான், கால் ஊன்றி நின்றுவிட்டேன். ஆனால் காலில் பட்டை இல்லை. பலகை காகிதம் மாதிரி வடக்கே போய்க்கொண்டிருந்தது. காற்று தெற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கிறது. அவன் நீந்திப் பார்த்தான், எட்டவில்லை. நல்லவேளையாக அந்தப் பக்கம் வந்த வள்ளத்துக்காரர் ஒருவர் பலகையைப் பிடித்து, அவனையும் ஏற்றிக்கொண்டுவந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா கச்சத்தீவுப் பக்கம் போயி நேவிக்காரன்கிட்ட கேட்டுத்தான் வாங்கியிருக்கணும்" என்று சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, சிரிக்காமல், "பலகை மேல நீ படுத்திருந்தா?" என்றார்.

அதுதான் விஷயம். அலை இல்லாத கடலைப் பார்த்தால் வெளியூர்க்காரர்களுக்குப் பயம் போய்விடுகிறது. கரைக்காற்று அடிக்கும்போது கடல் அமைதியாகத்தான் தெரியும், ஏனென்றால் காற்று அலையைக் கரைக்குக் கொண்டுவரவில்லை, வெளியே தள்ளுகிறது. அதன்மேல் மிதக்கிற எதுவும் வெளியேதான் போகும். நீச்சல் தெரியாதவர் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டால் பலகையோடு போவார். பணத்தைக்கூடக் கேட்கவில்லை நான். மகன் கேட்டதற்கு, இயற்கைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. நாங்கள் கிளம்பும்போது அடுத்த வகுப்புக்கு ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றது. அதே பட்டையைத்தான் அந்தச் சின்னப் பெண்ணின் காலில் சுற்றினார்கள். இந்தத் தடவை சொல்லிவிட்டேன். மாற்றினார்கள்.

பெண் கடல் என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடக்கே பாக் கடல் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல் என்று நாங்கள்தான் சொல்கிறோம். ஆனால் அது வருஷம் பூராவும் அப்படி இல்லை. சோழகம் அடிக்கிற மாதங்களில் தெற்கு கொந்தளிக்கும், வடக்கு படுத்துக்கிடக்கும். வாடை, அதாவது வடக்கத்திக் காற்று, திரும்பியதும் எல்லாம் தலைகீழ்: வடக்கு முரடாகிவிடும், தெற்கு சாதுவாகிவிடும். பெண் என்றால் சாது என்று யார் சொன்னது என்பதைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

சரி, கதை அதோடு முடியவில்லை. என் தம்பி மகன் சென்னைக்குப் பக்கத்தில் கோவளத்தில் கொஞ்ச வருஷம் வேலை பார்த்தவன். அங்கே மீனவப் பையன்கள் அலைச்சறுக்குக் கற்று, வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இவனும் அவர்களோடு சேர்ந்து பழகிவிட்டான். இந்தப் பொங்கல் லீவுக்கு வந்தபோது காரின் மேலே ஒன்பதடி நுரைப் பலகையைக் கட்டிக்கொண்டு வந்தான். "அத்தை, மே மாசம் நடந்ததை மற, இப்ப வா" என்றான். உச்சிப்புளிக்கு வடக்கே மணல் தரையுள்ள ஒரு கரைக்குக் கூட்டிப்போனான். வாடை அடித்துக்கொண்டிருந்தது. முழங்கால் உயரத்துக்குக் குட்டை குட்டையாக அலை, ஒன்று முடிவதற்குள் அடுத்தது.

கோவளம் மாதிரி நீண்ட அலை இங்கே வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். கோவளம், மாமல்லபுரமெல்லாம் வங்காள விரிகுடாவுக்கு நேரே திறந்து கிடக்கிற கரை. நமக்குக் குறுக்கே இலங்கை கிடக்கிறது, கடலும் ஆழமில்லை. தூரத்துப் பெருங்கடலில் கிளம்பும் அலை நம் வடகரைக்கு வந்து சேராது. இங்கே இருப்பது அன்றைய காற்று அன்றைக்கு எழுப்புகிற அலை. அதில் கற்றுக்குட்டி எழுந்து நிற்கலாம், அவ்வளவுதான்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் கால்மணி நேரம் சும்மா உட்காரவைத்தான். "எங்க அலை உடையலைன்னு பாரு அத்தை." ஓரிடத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் கலங்கலாக, அமைதியாக இருந்தது. எனக்கு அதுதான் இறங்க நல்ல இடம் என்று தோன்றியது. அவன் தலையில் அடித்துக்கொண்டான். கரையேறிய தண்ணீர் திரும்பக் கடலுக்குப் போகிற வழி அது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய்த் தப்பிக்க வேண்டும் என்றான். என் அப்பா இதை நீவாடு என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலில் உரசிக்கொண்டே நட என்பதையும் அப்பா சொல்லி அப்போதே கேட்டிருக்கிறேன். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் உரசலுக்கு விலகிப் போய்விடும், மிதித்தால்தான் முள்ளால் போடும்.

எந்தக் கால் முன்னே வரவேண்டும் என்று பார்க்க, நான் எதிர்பார்க்காத நேரத்தில் முதுகில் லேசாகத் தள்ளினான். வலது கால் முன்னே போனது. மெஷின் மிதிக்கும்போதும் எனக்கு வலது கால்தான் முன்னே. அப்போ கயிறு இடது காலில், அதாவது பின்னால் நிற்கும் காலில். இந்தத் தடவை வெல்க்ரோவை நானே மூன்று முறை பிரித்து ஒட்டிப் பார்த்தேன். போனமுறை சுடிதார் போட்டுப் போய்க் கஷ்டப்பட்டிருந்தேன்: பேண்டுக்குள் தண்ணீர் போய்ப் பலூன் மாதிரி உப்பிவிட்டது, நாடா முடிச்சு ஊறி இறுகி அவிழ்க்கவே முடியவில்லை. இப்போது உடம்பை ஒட்டிய லெக்கிங்ஸ், அதற்குமேல் தம்பியின் முழுக்கைச் சட்டை. பாசி எடுக்கும் பெண்களிடம் கற்றதுதான். பையன் போட்டிருந்த நீச்சல் பனியனை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உள்தையல் புடைத்துக்கொண்டு இல்லாமல் தட்டையாக இருந்தது, பலகையில் உரசினால் தோல் போகாமல் இருக்க. நம் சட்டைத் தையல் என் விலாவில் மறுநாள் நன்றாகக் கோடு போட்டிருந்தது.

பதினான்கு முறை விழுந்தேன். தலைகுப்புற விழாதே, தட்டையாக விழு, மேலே வரும்போது கையால் தலையை மூடிக்கொண்டு வா, பலகையை உனக்கும் அலைக்கும் நடுவில் வைக்காதே என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விழுதலுக்குச் சொன்னான். ஒவ்வொரு முறையும் வாடைதான் என்னையும் பலகையையும் கரைப்பக்கம் ஒதுக்கியது. மே மாதத்துக்கும் தை மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிந்தது. நான் ஏன் விழுகிறேன் என்று எனக்குப் புரியவில்லை. அவன்தான் கண்டுபிடித்தான்: "அத்தை, நீ காலையே பாக்குற." முப்பது வருஷமாக ஊசிமுனையைக் குனிந்து பார்த்துப் பழகிய கண் அது, எங்கே நிமிரும்? கரையில் ஒரு ஒற்றைப் பனை நின்றது. அதை மட்டும் பார் என்றான். பதினைந்தாவது தடவை நின்றேன். அவன் கணக்குக்கு மூன்று செகண்ட். என் கணக்கு வேறு.

ஒற்றை ஆளுக்கு ஒரு மாஸ்டர் என்பது வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். கூட்டத்தோடு விட்டிருந்தால் என் கண் எங்கே போகிறது என்று யார் பார்த்திருப்பார்கள்? ஆனால் தனிப் பயிற்சி என்று காசு வாங்குகிறவர் அந்தக் கடலையும் தெரிந்திருக்கவேண்டும். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்தது. அந்தக் கரைப் பையன்களால் முடிகிறது என்றால் பாம்பன், மண்டபம் பையன்களுக்கு முடியாதா? காற்று திரும்புவதைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். உயிர்காக்கும் பயிற்சியும் முதலுதவியும் சொல்லிக்கொடுத்து ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்தால் போதும். பலகை வாடகைக்கு விடும் ஒவ்வொரு கரையிலும் இன்றைக்குக் காற்று எந்தத் திசை, இறங்கலாமா என்று ஒரு கரும்பலகையில் எழுதிவைக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவு போடலாம். சாக்பீஸ் செலவுதான். தெற்கே தீவுகள் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம். அது 1986-இல் இருந்து தேசியப் பூங்கா, அடியில் பவளப்பாறை. விழுந்தால் நமக்கும் கிழியும், பாறைக்கும் உடையும்.

உங்களிடம் கேட்பது ஒரு சின்னத் திருத்தம். வருஷம் முழுக்க என்று போட்டதை எடுத்துவிட்டு, ராமேஸ்வரம், மண்டபம் வடகரையில் கற்றுக்கொள்வதாக இருந்தால் வாடைக்காலத்தில், தை மாதத்தை ஒட்டி, பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றாத நாளில் என்று போடுங்கள். சித்திரையிலிருந்து ஆவணி வரை வடகரையில் பலகையோடு இறங்கவேண்டாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பள்ளிக்கூட லீவு அப்போதுதான் வருகிறது, குடும்பத்தோடு வருகிறவர்கள் அப்போதுதான் வருகிறார்கள். படத்தையும் மாற்றுங்கள். முழங்கால் அலையில் ஒரு பொம்பளை விழுகிற படம் வேண்டுமென்றால் என் தம்பி மகன் போனில் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பரமக்குடி