சித்திரைத் திருவிழாவில் ஓர் இளங்காதல்: நாவலுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பேரன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

பதினேழு வயதுப் பெண்ணொருத்தியும் அதே வயதுப் பையனொருவனும் மதுரைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதைக் கதையாகக் கொண்டு நான் எழுதிய இளையோர் நாவல் அச்சேறி, வாசகர்களின் கைக்குப் போய்ச் சேரத் தொடங்கியிருக்கிறது. அட்டையில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. உள்ளே இருக்கும் பக்கங்களில் எத்தனை பேருடைய நேரமும் அனுபவமும் அன்பும் கலந்திருக்கின்றன என்பதை நால்வர் அறியச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டாமென்று பலரும் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது தங்களைத் தாங்களே அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

கதை எந்த ஆண்டில் நடக்க வேண்டும் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அரசு மேல்நிலைப் பள்ளியொன்றின் தமிழாசிரியை. 2023-ஆம் ஆண்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு ஏப்ரல் 3 அன்று முடிந்தது. ஏப்ரல் 23 அன்று மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேறியது. மே 2 அன்று திருக்கல்யாணம், மே 5 அன்று அழகர் வைகையில் இறங்கினார். அவர் அழகர்மலைக்குத் திரும்பிச் சேரும் முன்பே, மே 8 அன்று, தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, கல்லூரி இன்னும் தொடங்கவில்லை, மதிப்பெண் என்னவென்று யாருக்கும் தெரியாது, வீட்டில் யாரும் படி என்று சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு இப்படியொரு இடைவெளி வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வாய்க்கிறது என்றும், அந்த இடைவெளிக்குள் ஊரே திருவிழாக் கோலம் பூண்டிருந்தால் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள் என்றும் அந்த ஆசிரியை சொன்ன மாலையில்தான் நாவலுக்கு உருவம் கிடைத்தது. கொடியேற்றத்தில் தொடங்கித் தேர்வு முடிவில் முடியும் கட்டமைப்பு முழுவதும் அவர் தந்தது.

கதையின் நாயகி காவ்யாவும் நாயகன் அழகுராஜாவும் முதன்முதலாகப் பேசிக்கொள்ளும் இடத்துக்காக, திருக்கல்யாண விருந்துக்கு ஆண்டுதோறும் காய் நறுக்கப் போகும் ஓர் அம்மாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். திருக்கல்யாணத்துக்கு முந்தைய இரவு சேதுபதி மேல்நிலைப் பள்ளியில் கல்யாண விருந்துக்கான வேலைகள் நடக்கும் என்பதும், யாரும் அழைக்காமலேயே பெண்களும் ஆண்களும் வந்து காய்கறிக் குவியல்களைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள் என்பதும் மதுரைக்காரர்களுக்குத் தெரியும். பாரதியார் 1904-இல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பள்ளி அது. அந்த அம்மா என்னைத் தம்மோடு உட்காரவைத்து, கத்தியைக் கையில் கொடுத்து, "கல்யாண வீட்டுக் காய் ஆத்தா, ஒரே அளவா நறுக்கு" என்றார். எதிர்வரிசையில் இருப்பவரின் முகம் தெரியாத உயரத்துக்குக் குவியல் இருக்கும். நறுக்க நறுக்க அது தாழும். நள்ளிரவு தாண்டும்போதுதான் எதிரில் இருப்பது யாரென்று தெரியும். இதை அவர் போகிற போக்கில் சொன்னார். நாவலின் நான்காம் அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து விளைந்தது. காவ்யா வெங்காயக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிரும்போது குவியலுக்கு அந்தப் பக்கம் அழகுராஜாவின் முகம் தெரிகிறதே, அந்த இடத்தைப் பாராட்டி எழுதியிருக்கும் வாசகர்கள் அந்தப் பாராட்டை அந்த அம்மாவுக்கே உரியதாகக் கொள்ள வேண்டும். மறுநாள் காலை திருமாங்கல்யம் பூட்டும் நேரத்தில் மணமான பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வதையும், விருந்துக்கு வருகிறவர்கள் சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குச் செய்வதுபோல மொய் எழுதுவதையும் அருகிலிருந்து பார்க்கச் செய்தவரும் அவரே.

அழகுராஜா தேனூர்ப் பையன். அவனுடைய தாத்தாவின் பாத்திரம் உருவாகக் காரணமான தேனூர்க் குடும்பத்துக்கு எந்தச் சொல்லால் நன்றி சொன்னாலும் போதாது. அழகர் முற்காலத்தில் தேனூரில்தான் வைகையில் இறங்கினார் என்றும், மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி இரு விழாக்களையும் திருமலை நாயக்கர் இணைத்தார் என்றும் சொல்லப்படும் செய்தியை நூல்களில் படித்திருந்தேன். தொ. பரமசிவன் அவர்களின் 'அழகர் கோயில்' ஆய்வு, எரியும் திரியெடுத்து ஆடுவோர் முதல் தோல்பைத் துருத்தியால் நீர் தெளிப்போர் வரை, இவ்விழாவில் எளிய மக்களுக்கு இருக்கும் இடத்தை எனக்குக் கற்பித்திருந்தது. ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் "எங்க ஆத்துல இறங்குன சாமி" என்று உரிமையோடு சொல்வதைக் கேட்டபோதுதான் வரலாறு ஒரு குடும்பத்தின் பெருமையாக எப்படி வாழ்கிறது என்பது விளங்கியது. அவர் பெட்டியைத் திறந்து, அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும்போது தாம் அணியும் சல்லடம் என்ற அரைக்கால் உடையையும் இடுப்புக் கச்சையையும் உருமால் என்ற தலைப்பாகையையும் எடுத்துக் காட்டினார். ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி, அதைக் கக்கத்தில் இடுக்கி அழுத்தி, குறுகிய குழல்வாய் வழியாகச் சாமியின் மீது பீய்ச்சுவது எப்படி என்று வாசலில் நின்று செய்தும் காட்டினார். தண்ணீர் வேகமாகப் பாய்வதில் பெருமை இல்லை, சாமிக்குச் சூடு தணிய வேண்டும், அவ்வளவுதான் என்றார். விசைப் பம்புகளை வைத்து அடிப்பவர்கள் மீது அவருக்கு உண்டான வருத்தத்தை அப்படியே தாத்தாவின் வாயில் வைத்திருக்கிறேன். அவருடைய மனைவி, அந்த வீட்டின் அப்பத்தா, விரத நாட்களில் வீட்டில் என்னென்ன சமைக்கலாம், சமைக்கக்கூடாது என்பதை அடுப்படியில் நின்றபடியே எனக்குச் சொல்லித் தந்தார். கதையில் அழகுராஜா முதன்முறையாகத் தோல்பையைத் தோளில் மாட்டும் காட்சி அந்த வாசலில் பிறந்தது.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை வாங்கி விற்கும் சகோதரி, திருவிழா நாட்களில் விலை ஏறி இறங்கும் விதத்தைச் சொன்னார். அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவில் தல்லாகுளத்தில் பணியாற்றிய பெண் காவலர், அத்தனை கூட்டத்துக்குள் இளம்பெண்கள் எப்படிப் பாதுகாப்பாகப் போய்வருகிறார்கள் என்பதையும் காணாமல்போன குழந்தைகளைப் பெற்றோரிடம் சேர்ப்பது எப்படி என்பதையும் பொறுமையாக விளக்கினார். பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர், திருவிழாவுக்காக வைகை அணையிலிருந்து திறக்கப்படும் தண்ணீர் ஆண்டிப்பட்டிப் பக்கமிருந்து மணற்படுகையை நனைத்து நனைத்து நகருக்கு வந்து சேரும் விதத்தைத் தாளில் வரைந்து காட்டினார். மூவருக்கும் என் நன்றி.

இந்த நாவல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். தமிழில் சிறுவர் நூல்கள் பெருகியிருக்கின்றன, பெரியவர்களுக்கான நாவல்களுக்கும் குறைவில்லை. பதினைந்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையில் இருப்பவர்கள் தங்கள் மனத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்படியான கதைகள் மிகச் சிலவே. இந்தக் கைப்பிரதியை முதலில் பார்த்த ஒரு பதிப்பகம், பதின்பருவக் காதலைச் சொல்லும் நூலைப் பெற்றோர் வாங்கித் தரமாட்டார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. தங்கள் பிள்ளைகளிடம் அந்தக் கைப்பிரதியைக் கொடுத்து, படித்துக் கருத்துச் சொல்ல அனுமதித்த பெற்றோர்களே அந்தச் சொல்லுக்கு விடையானார்கள். அவர்களுடைய நம்பிக்கையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

படித்த மாணவ மாணவியர் உரையாடல்களைத் தங்கள் வாயால் பேசிக் காட்டினார்கள். எந்த வாக்கியத்தைத் தோழியிடம் சொல்வோம், எதைச் செல்பேசியில் எழுதுவோம், எதை எழுதி அனுப்பாமலேயே அழித்துவிடுவோம் என்று அவர்கள் பிரித்துக் காட்டிய நுட்பம் எனக்கு வியப்பாக இருந்தது. அழகுராஜாவுக்குக் காவ்யாவின் எண் எப்படிக் கிடைக்க வேண்டும் என்று அவர்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. தோழியிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று பையன்கள் சொல்ல, மாணவி ஒருத்தி, "அவகிட்டயே கேக்கட்டும். அவ தரலைன்னா அதோட விட்டுரணும்" என்று உறுதியாகச் சொன்னாள். பின்பு பையன்களும் அதையே ஏற்றுக்கொண்டார்கள். ராமராயர் மண்டபத்தில் அழகரின் தசாவதாரக் காட்சி விடிய விடிய நடக்கும் இரவில் அவன் நேரிலேயே கேட்பதும், அவள் உடனே தராமல் யோசித்து மறுநாள் தருவதும் அந்த வாக்குவாதத்தின் பயன். முடிவைப் பற்றியும் அவர்களுக்குத் தெளிவு இருந்தது. கல்யாணமும் வேண்டாம், சாவும் வேண்டாம், யாரும் வந்து அறிவுரை சொல்லவும் வேண்டாம். காவ்யா கோயம்புத்தூரில் கல்லூரியில் சேரட்டும், அவன் மதுரையில் படிக்கட்டும், அடுத்த சித்திரைக்குப் பார்ப்போம் என்று இருவரும் சொல்லிக்கொண்டால் போதும் என்றார்கள். பதினேழு வயதின் அன்பைத் தண்டிக்காமலும் அவசரமாகத் தாலி கட்டிவைக்காமலும் அதன் அளவிலேயே மதித்து எழுதலாம் என்ற துணிவை எனக்குத் தந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். நாவல் அவர்களுக்கே காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

நூலைத் துணிந்து வெளியிட்ட பதிப்பாசிரியர், திருவிழாத் தகவல்கள் கதையை மூடிவிடாதபடி பக்கத்துக்குப் பக்கம் கவனித்தார்; எந்தச் சடங்கும் காவ்யாவின் கண்ணாலோ அழகுராஜாவின் கண்ணாலோ பார்க்கப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. மெய்ப்புத் திருத்திய ஐயா, எடுத்துரைப்பில் ஒற்றுப்பிழை ஒன்றும் தப்பவிடாதவர், பேச்சு வழக்கில் மட்டும் மதுரைத் தமிழைத் தொடாமல் காத்தார். அட்டை ஓவியர் வழக்கமான இதயச் சின்னங்களைத் தவிர்த்துவிட்டு, பீய்ச்சிய தண்ணீர்த் துளிகளுக்கு நடுவே முதுகு காட்டி நிற்கும் இருவரை வரைந்து தந்தார். புத்தகக் கடையில் அதைப் பார்க்கும் எந்தப் பிள்ளையும் தயங்காமல் கையில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

பெரும்பகுதியை நான் எழுதியது புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில். அங்கே கேட்ட நூல்களையெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்த பணியாளர்களுக்கும், அந்தக் காலம் முழுவதும் வீட்டுப் பொறுப்புகளைத் தம் தோளில் ஏற்றுக்கொண்ட என் கணவருக்கும் என் அக்காவுக்கும் என் நன்றி.

நாவலின் படிகளைத் தேனூர் வீட்டுக்கும், காய் நறுக்கும் அம்மாவுக்கும், கைப்பிரதியைப் படித்த ஒவ்வொரு மாணவ மாணவிக்கும் நேரில் கொண்டுவந்து தருகிறேன். முதல் பதிப்பில் எனக்குக் கிடைக்கும் உரிமைத்தொகையில் ஒரு பகுதி, அந்த அரசுப் பள்ளியின் நூலகத்தில் பதின்பருவத்தினருக்கான தமிழ் நூல்கள் வாங்குவதற்கு அளிக்கப்படும். எந்த நூல்களை வாங்குவது என்பதை மாணவர்களே முடிவுசெய்வார்கள் என்று தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார். அவருக்கும் நன்றி.

என்றும் நன்றியுடன்,
நூலாசிரியர்
மதுரை