நோட்டின் அழகுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்களுக்கு

மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பாடப்புத்தகத்தைப் படித்துக் குறிப்பெடுத்து வரச் சொல்கிறீர்கள், நல்லது. ஆனால் எத்தனை பக்கம், எத்தனை நிறம், கையெழுத்து எப்படி என்று பார்த்து மதிப்பெண் போடுகிறீர்களே, வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் மகள் உயிரியலில் ஒரே பாடத்துக்குப் பதினான்கு பக்கம் எழுதினாள். தலைப்புக்குச் சிவப்பு, வரையறைக்குப் பச்சை, பார்க்க அவ்வளவு அழகு. நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, உப்புத் தண்ணீரில் போட்ட செல் ஏன் சுருங்குது?" என்று கேட்டேன். "அது நாலாவது பக்கத்துல இருக்கும்மா" என்றாள். பக்கம் ஞாபகம் இருக்கிறது, பதில் இல்லை.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். புத்தகத்தைத் திறந்து வைத்து வரிவரியாக இறக்கும்போது கை மட்டும்தான் உழைக்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள்: சிலர் ஒரு பகுதியை நான்கு சுற்று படித்தார்கள், சிலர் ஒரு சுற்று படித்துவிட்டு மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள்தான் முந்தினார்கள் (அந்தத் தெம்புதான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது), ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 61.

இப்போது வீட்டில் வேறு மாதிரி செய்கிறோம். உபதலைப்பைக் கேள்வியாக மாற்றிக்கொண்டு அந்தப் பகுதியைப் படிக்கிறாள், புத்தகத்தை மூடுகிறாள், தெரிந்ததைத் தன் வார்த்தையில் எழுதுகிறாள், அப்புறம் திறந்து பார்த்து விட்டுப்போனதை வேறு மையில் சேர்க்கிறாள். "வெளியே உப்பு அதிகம், உள்ளேயிருக்கும் தண்ணீர் வெளியே போகும், செல் சுருங்கும்" என்று நீலத்தில் இருக்கிறது, கீழே சிவப்பில் "சவ்வு தண்ணீரை விடும், உப்பை அவ்வளவு சுலபமாக விடாது." மறுநாள் அவள் பார்க்க வேண்டியது அந்தச் சிவப்பை மட்டும்தான். இதில் புதுசு ஒன்றுமில்லை, கேள்வி கேட்டுப் படிப்பதை ராபின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1946லேயே சொல்லிவிட்டார்.

குறிப்பெடுக்க, நடுவில் கோடு போட்டு இடது வலது என்று பிரித்த கார்னெல் தாளைச் சிலர் அச்சடித்தே கொடுக்கிறீர்கள். இடது பத்தியில் கேள்வி எழுதி, வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பதில் சொல்லிப் பார்க்கத்தான் அந்தக் கோடு. யாரும் மறைப்பதில்லை, கட்டத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கணக்குக்கும் இயற்பியலுக்கும் இதெல்லாம் பெரிதாக வேண்டாம், தீர்த்துக் காட்டிய கணக்கை மூடிவைத்துத் தானே போட்டுப் பார்த்தால் போதும்.

நோட்டுக்கென்று ஒதுக்கும் மதிப்பெண்ணை, வகுப்பு தொடங்கியதும் வெறும் தாளில் பார்க்காமல் எழுதும் ஐந்து நிமிடத்துக்குக் கொடுங்கள், அதுவும் சரியா தப்பா என்று அல்ல, எழுதிவிட்டுத் திருத்திக்கொண்டார்களா என்று பார்த்து. என் மகளின் நோட்டு இனி இரண்டு பக்கம்தான் இருக்கும், அடித்தல் திருத்தலோடு. "போதாது" என்று எழுதித் திருப்புவதற்கு முன்னால் அவளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.