கையெழுத்துப் போட்டுவிட்டேன், முத்து

சேக்ரமெண்டோ
செப்டம்பர்

அன்புள்ள முத்து,

பொங்கலன்று போனில் பேசியபோதே சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. அதற்கப்புறம் பேசவும் இல்லை, திட்டிக்கொள். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், சித்ரா சொன்னாள். உன் பையனும் கணக்கில் கோட்டை விடுகிறானாமே! கணேசன் சார் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்.

எலுமிச்சம்பழம் கொடுப்பாரே பக்கத்து வீட்டுத் தாத்தா, அவர் விஷயம்தான். மனைவி போனபின் ஆளே ஒடுங்கிவிட்டார். போன நவம்பரில் வேலியோரம் நின்று, "கிறிஸ்துமஸுக்கு நான் இருக்க மாட்டேன்" என்றார். வீட்டில் மூன்று துப்பாக்கி. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. விடிந்ததும் அவர் மகளைக் கூப்பிட்டேன்.

இதற்கென்றே கலிபோர்னியாவில் ஒரு சட்டம் உண்டு. 2014 மே மாதம் ஐலா விஸ்டாவில் ஒரு பையன் ஆறு பேரைக் கொன்றான். மூன்று வாரம் முன்புதான், வீட்டார் பதறியதால் போலீஸ் அவன் வாசல்வரை போயிருந்தது. மரியாதையாகப் பேசினான், திரும்பிவிட்டார்கள். துப்பாக்கிகள் உள்ளேயே இருந்தன. அதன்பின் வந்த சட்டம் 2016 முதல் நடப்பில் இருக்கிறது. முதலில் 21 நாளுக்குத் துப்பாக்கியை வாங்கி வைப்பார்கள். அப்புறம் விசாரணை, தேவைப்பட்டால் ஒன்றிலிருந்து ஐந்து வருடம் வரை உத்தரவு. கிரிமினல் வழக்கு கிடையாது. அக்கம்பக்கத்தார் மனுப் போட முடியாது, மகள் போட்டாள். என் காதால் கேட்டதை எழுதி நான் கையெழுத்துப் போட்டேன்.

உன் பெரியப்பா தேர்தலுக்குத் தேர்தல் ஒற்றைக்குழலை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரெண்டு நாள் முனகுவார், அவ்வளவுதான். இங்கே அது அரசியல் சாசனம் கொடுத்த உரிமை. அந்த மூன்றில் ஒன்று அவர் அப்பா மான் வேட்டைக்கு வைத்திருந்தது. கோர்ட்டில் என்னிடம், "உனக்கு நான் என்ன செய்தேன்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முதல் உத்தரவு அவரை ஒரு வார்த்தை கேட்காமலே வந்தது, அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. ஆனால் இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை, முத்து. அந்த ஒரு நிமிஷத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அது இல்லாவிட்டால் ஆள் பிழைக்கலாம். கிறிஸ்துமஸன்று அவர் வீட்டில் விளக்கெரிவதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஜன்னலிலேயே நின்றேன்.

இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை. பழங்கள் எங்கள் பக்கம் விழுகின்றன, எடுக்கக் கை வரவில்லை.

டிசம்பரோடு உத்தரவு முடிகிறது. நீட்டிக்கக் கேட்கப்போகிறாளாம் மகள், மறுபடி எழுதித் தருவாயா என்கிறாள். இப்போது தோட்டவேலை செய்கிறார், சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கிறது. எதை எழுதுவேன்? நீ என்றால் என்ன செய்வாய்? போனில் வேண்டாம், யோசித்து எழுது.

உன்
பாலு