பல்லி விழுந்த கதைக்கும் பேப்பர்ல ஒரு இடம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பாளையங்கோட்டைல தையல் கடை வச்சிருக்கேன். காலைல கடைய தொறந்து சாம்பிராணி போட்டுட்டு, மெஷின்ல உக்காருறதுக்கு முன்னாடி உங்க பேப்பர ஒரு புரட்டு புரட்டிருவேன், பல வருஷப் பழக்கம். போன வாரம் வாசகர் கடிதம் பகுதில ஒரு அய்யா எழுதியிருந்தாங்க, வாட்ஸ்அப் பேஸ்புக் எல்லாம் குடும்பத்த கெடுக்க வந்த சனியன், வீட்ல நாலு பேரு இருந்தா நாலு பேரும் நாலு பக்கம் திரும்பி உக்காந்திருக்காங்கன்னு. அவங்க வேதனை எனக்கு புரியுது. அதே பக்கத்துல ஆன்லைன் மோசடி பத்தி நீங்க போட்டிருந்த செய்தியும், ஏமாந்தா உடனே 1930க்கு போன் பண்ணணும்னு கட்டம் கட்டி போட்டிருந்ததும் ரொம்ப நல்ல காரியம், அத வெட்டி கடை சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். ஆனா அந்த போனுக்குள்ள தெனமும் நடக்குற சிரிப்பு பத்தி உங்க பேப்பர்ல ஒரு வரி கூட வர்றதில்லையே, அது எனக்கு பெரிய குறையா தெரியுது, அதான் எழுதுறேன்.

எங்க குடும்ப குரூப்புக்கு பேரு 'சுடலைமாடன் துணை'. மொத்தம் 43 பேரு. அண்ணன் புனேல, சித்தப்பா சங்கரன்கோவில்ல, ஒரு மதினி மஸ்கட்ல, தங்கச்சி சுரண்டை பக்கத்துல ஒரு கிராமத்துல ஸ்கூல் டீச்சர், ஆச்சி எங்க கூட. கல்யாணம், கோயில் கொடைத் திருவிழான்னு வந்தாதான் எல்லாரும் ஒரே எடத்துல சேருவோம், மத்த நாளெல்லாம் இந்த குரூப்தான் எங்களுக்கு திண்ணை.

அந்த அய்யாவுக்காகவே ஒரு சம்பவத்த சொல்றேன். ஐப்பசி மாசம், முந்தின நாள் ராத்திரி பூரா நல்ல மழை. காலைல எட்டே முக்காலுக்கு தங்கச்சி குரூப்ல ஒரு மெசேஜ் போட்டா. அவளுக்கு தமிழ் கீபோர்டு சரியா வராது, இங்கிலீஷ் எழுத்துலதான் தமிழ அடிப்பா. அவ அடிச்சது 'பல்லி மேல விழுந்துடுச்சு'. ஆனா இங்கிலீஷ் எழுத்துல பல்லிக்கும் பள்ளிக்கும் வித்தியாசமே கெடையாது பாத்துக்கோங்க! ராத்திரி பூரா மழை, மெசேஜ் போட்டது ஒரு டீச்சர், போட்டுட்டு அவ பாட்டுக்கு போன ஹெச்எம் ரூம்ல வச்சிட்டு கிளாசுக்கு போயிட்டா. நாங்க எல்லாரும் படிச்சது 'பள்ளி மேல விழுந்துடுச்சு'.

புனேல அண்ணன் ஆபீஸ் மீட்டிங்ல இருந்து எந்திரிச்சு வெளிய வந்து நியூஸ் சேனல் ஒவ்வொண்ணா தேடுது, மஸ்கட் மதினி அழுதுகிட்டே வாய்ஸ் மெசேஜ் போடுறாங்க, பெரியப்பா 'எத்தனை பிள்ளைக உள்ள இருந்துச்சு' னு கேக்குறாரு, நான் அளவெடுத்துகிட்டு இருந்த கஸ்டமர் அக்காவ அப்படியே நிக்க வச்சிட்டு போன் மேல போன் போடுறேன், எடுக்க ஆளில்ல. சங்கரன்கோவில் சித்தப்பா யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல, கட்டியிருந்த சாரத்த (லுங்கிய) கூட மாத்தல, அப்படியே பைக்க எடுத்துட்டு கெளம்பிட்டாரு.

முக்கா மணி நேரம் கழிச்சு தங்கச்சி போன பாத்தா. 61 மெசேஜ், 19 மிஸ்டு கால். அரண்டு போயி வாய்ஸ் மெசேஜ் போட்டா, 'அய்யோ ஸ்கூல் இல்ல, பல்லி, சுவத்து பல்லி, குளிச்சிட்டு வரும்போது தோள்ல விழுந்துச்சு, என்ன பலன்னு ஆச்சிகிட்ட கேக்கத்தான் போட்டேன், அதுக்குள்ள பெல் அடிச்சிட்டு' னு. குரூப்ல ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. நான் இத ஆச்சிகிட்ட சொன்னேன். ஆச்சி வெத்தலைய மென்னுகிட்டே கேட்டா, "எந்தத் தோளு ட்டி? இடமா, வலமா?"

அத அப்படியே ரெக்கார்டு பண்ணி குரூப்ல போட்டேன், அவ்வளவுதான், அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் சிரிப்பு நிக்கல. மஸ்கட் மதினி அழுத கண்ணோட சிரிச்சு ஒரு வீடியோ, அண்ணன் பஞ்சாங்கத்துல பல்லி விழும் பலன் பக்கத்த எங்கிருந்தோ தேடி எடுத்து போட்டுச்சு, பெரியப்பா இனிமே யாரு எந்த ஜந்து பத்தி எழுதினாலும் தமிழ் எழுத்துலதான் எழுதணும்னு தீர்மானம் போட்டாரு, அத இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் கடைபிடிக்கிறோம். சித்தப்பாவுக்கு விஷயம் தெரியும்போது அவரு வீரசிகாமணி வரைக்கும் வந்துட்டாரு. அப்படியே திரும்பிருக்கலாம்ல, திரும்பல. நேரா ஸ்கூல் வாசலுக்கு போயி, புள்ளைய கண்ணால பாத்து, டீக்கடைல வாங்கின நாலு உளுந்தவடைய கைல குடுத்துட்டுத்தான் வந்தாரு. அந்த வடை பொட்டலத்த தங்கச்சி போட்டோ எடுத்து போட்டிருந்தா, எண்ணெய் ஊறுன நியூஸ் பேப்பர், அதுக்கு பக்கத்துல அவளோட வருகைப் பதிவேடு. அந்த போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு, மெமரி ஃபுல்லுன்னு காட்டும்போது எத அழிச்சாலும் அத மட்டும் அழிக்க மாட்டேன். சொல்லுங்க, அந்த போன் எங்களையா நாலு பக்கம் திருப்புச்சு?

வீட்டுக்குள்ள மட்டும் நடக்குற விஷயமும் இல்ல இது. 2019 மே மாசக் கடைசி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாகிஸ்தான்ல இருந்து நடக்குற ஒரு சிவில் இன்ஜினியரிங் பேஸ்புக் பேஜ்ல ஒரு சுத்தியல் படத்த போட்டு உங்க நாட்டுல இதுக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. நம்ம ஆளு ஒருத்தர் போயி, இதுக்கு பேரு சுத்தியல், அடிச்சா டங் டங்குன்னு சத்தம் வரும், பெயிண்டிங் காண்ட்ராக்டர் நேசமணி தலைய ஜமீன் பங்களால வச்சு இதாலதான் ஒடச்சிட்டாங்க, பாவம்னு பதில் எழுதிட்டாரு. 2001ல வந்த பிரண்ட்ஸ் படத்துல வடிவேலு பண்ணின வேஷம் அது, நமக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. உடனே இன்னொருத்தர், இப்ப அவரு நல்லா இருக்காரான்னு கேக்க, அங்க புடிச்ச தீ டுவிட்டர் பூரா பரவி, நேசமணிக்காக வேண்டிக்கோங்கன்னு ஹேஷ்டேக் உலக அளவுல டிரெண்ட் ஆயிடுச்சு. மே 30ஆம் தேதி பிரதமர் மோடி ரெண்டாவது தடவ பதவி ஏத்துகிட்ட நாளு, அந்த பெரிய செய்தி பக்கத்துலயே நம்ம நேசமணியும் நிக்கிறாரு.

அப்ப எங்க அண்ணன் ஆபீஸ்ல கூட வேல பாக்குற மராத்திக்காரர் ஒருத்தர் ரொம்ப வருத்தமா வந்து, நேசமணி உங்க ஊரு பெரிய தலைவரா, இப்ப உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டிருக்காரு. அண்ணன் முகத்த மாத்தாம, இருபத்தி நாலு மணி நேரம் போனாத்தான் சொல்ல முடியும்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு சொல்லிட்டு, மத்தியானம் சாப்பாட்டுல அந்த சீன போட்டு காமிச்சிருக்கு. பாஷை தெரியாமலே அந்த மனுசன் தண்ணி குடிக்க முடியாத அளவுக்கு சிரிச்சாராம். அதுல இருந்து ரெண்டு பேரும் நல்ல சிநேகிதம், போன வருஷம் அவரு குடும்பத்தோட குத்தாலம் வந்து எங்க வீட்லதான் தங்குனாரு.

நேசமணி விஷயத்துல எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, அதுல ஒருத்தர் மனசும் புண்படல. லட்சக்கணக்கான பேரு சேந்து ஒரே நேரத்துல ஒரே பொய்ய, அதுவும் பொய்யின்னு எல்லாருக்கும் தெரிஞ்ச பொய்ய, முகத்த சிரிக்காம வச்சுகிட்டு சொன்னாங்க. வடிவேலு அப்ப படங்கள்ல அவ்வளவா நடிக்காம இருந்த நேரம், அவர ஜனங்க எவ்வளவு நெனச்சுகிட்டு இருக்காங்கன்னு அன்னைக்கு உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு.

எழுத்துல கேலி பண்ணினா நெசம்னு எடுத்துக்குற வம்பு நம்மகிட்ட ஆரம்பிச்சது இல்ல, இது என் மகன் சொன்னது. 1982ல அமெரிக்கால கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல, கம்ப்யூட்டர்ல எழுதிக்கிற அறிவிப்புப் பலகைல ஒருத்தர் லிஃப்ட்ல பாதரசம் கொட்டிடுச்சுன்னு தமாஷா எழுதப் போக, சில பேரு அத நெசமான எச்சரிக்கைன்னு நம்பிட்டாங்களாம். எங்க வீட்டு பல்லி கதைதான் அது! அதுக்கப்புறம்தான் ஸ்காட் ஃபால்மன்ங்கிற பேராசிரியர் செப்டம்பர் 19ஆம் தேதி, தமாஷுக்கு எழுதினா பக்கத்துல முக்காப்புள்ளி, கோடு, அடைப்புக்குறி போட்டு சிரிச்ச மூஞ்சி மாதிரி காட்டுங்கன்னு யோசனை சொன்னாரு. அதோட பேரப்பிள்ளைகதான் இப்ப நம்ம போன்ல இருக்குற மஞ்ச மூஞ்சி எல்லாம். அதுல கண்ணுல தண்ணி வர சிரிக்கிற மூஞ்சிய 2015ல ஆக்ஸ்போர்டு அகராதிக்காரங்க அந்த வருஷத்தோட வார்த்தைன்னே அறிவிச்சாங்க. எங்க பெரியப்பா ரொம்ப நாளா அத அழுகுற மூஞ்சின்னு நெனச்சு, துட்டி செய்திக்கெல்லாம், அதாவது சாவு செய்திக்கெல்லாம், வரிசையா அஞ்சு போட்டுகிட்டு இருந்தாரு. குரூப்ல யாரும் அவர திருத்தல, கேலியும் பண்ணல, அவரு போட்டா அது அழுகைதான்னு நாங்க எடுத்துகிட்டோம். பேத்திதான் பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லிக் குடுத்தா. மனுசன் துடிச்சுப் போயி, துட்டி வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு பேசினாரு. அதுல ரெண்டு பேரு அவருகூட பல வருஷமா பேச்சுவார்த்தை இல்லாதவங்க, இப்ப பேசுறாங்க.

எல்லா சிரிப்பையும் நான் தாங்கிப் பேசலைங்க. எங்க தெருவுல ஒரு பொண்ணு கோயில் கொடைல சாமி கும்பிடும்போது யாரோ போட்டோ எடுத்து, அது ஒடம்ப பத்தி கேவலமா எழுதி சுத்த விட்டுட்டாங்க, புள்ள ஒரு மாசம் வீட்ட விட்டு வெளிய வரல. அதையும் மீம்ஸுன்னுதான் சொல்றாங்க, அத பாத்து சிரிச்சவங்களும் இருக்காங்க. என் கடைக்கு வந்து அந்த படத்த காட்டுன ஒருத்தங்கள நான் துணிய திருப்பி குடுத்து அனுப்பிட்டேன். அதனாலதான் நல்ல சிரிப்பு எதுன்னு நாலு பேரு பாக்குற எடத்துல எடுத்து வைக்கணும்னு கேக்குறேன். திட்டுறதுக்கு ஒரு பக்கம் குடுக்குறீங்க, சின்னப் பிள்ளைக பாத்து இதுதான் தமாஷுன்னு கத்துக்குறதுக்கும் ஒரு கால் பக்கம் குடுங்க.

வாரம் ஒரு நாள் போதும். வாசகர்கள அவங்கவங்க குடும்ப குரூப்ல நடந்தத எழுதி அனுப்பச் சொல்லுங்க, பேரு ஊரு போடாம, யாரு மனசும் நோகாததா பாத்து நீங்களே தேர்ந்தெடுங்க. குட்மார்னிங் படத்த ராத்திரி பதினோரு மணிக்கு போடுற அத்தான், மெசேஜ அழிச்சிட்டு 'ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல' ன்னு சொல்லியே மொத்த குரூப்பையும் முழிக்க வைக்கிற சித்தி, இவங்க இல்லாத வீடு நம்ம ஊருல ஏது? கடிதம் மூட்டை மூட்டையா வரும், எழுதி வச்சுக்கோங்க.

எங்க ஆச்சி வாய்ஸ் மெசேஜ போன் காலுன்னே நெனச்சுதான் பேசும். "எய்யா, நல்லா இருக்கியா" ன்னு கேட்டுட்டு பதிலுக்கு காத்திருக்கும், அந்த அமைதியும் பதிவாகும், பின்னாடி என் தையல் மெஷின் சத்தம், தெருவுல பூக்காரம்மா குரல், அப்புறம் "ம், சரி சரி, பிள்ளைக எல்லாம் நல்லா இருக்காவளா" ன்னு அடுத்த கேள்வி. புனேல அண்ணன் அத ராத்திரி கேட்டு, ஆச்சி விட்ட எடத்துலெல்லாம் பதில் சொல்லிக்கிட்டே கேக்குமாம்.

இந்த கடிதத்த போடுறதா இருந்தா ஞாயித்துக்கெழம பேப்பர்ல போடுங்கய்யா. அன்னைக்குத்தான் கடை லீவு, ஆச்சிக்கு பக்கத்துல உக்காந்து நான் வாசிச்சுக் காட்டணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.