மில்பர்ன் ஸ்டோன் ‘வந்துபோனவர்’ அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அமெரிக்கத் தொலைக்காட்சியின் கௌபாய் தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆவலோடுதான் படிக்கத் தொடங்கினேன். ‘கன்ஸ்மோக்’ பகுதியில், ‘ஊர் மருத்துவராக ஒரு துணை நடிகர் வந்துபோனார்’ என்ற வரியைக் கண்டதும் மேலே படிக்க மனம் வரவில்லை. அவருக்குப் பெயர் உண்டு ஐயா, மில்பர்ன் ஸ்டோன். 1955 செப்டம்பரில் தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 51. 1975 மார்ச் 31 அன்று கடைசி அத்தியாயம் ஒளிபரப்பானபோது 70. சேஸ்டராக நடித்த டென்னிஸ் வீவர் 1964இல் விலகிவிட்டார். கிட்டியாக நடித்த அமாண்டா பிளேக் கடைசிப் பருவத்தில் இல்லை. தொடக்கம் முதல் இறுதிவரை இருபது பருவங்களிலும் நிலைத்திருந்த முதன்மை நடிகர்கள், நாயகன் ஜேம்ஸ் ஆர்னெஸும் ஸ்டோனும் மட்டுமே. அப்படிப்பட்டவரை ‘வந்துபோனார்’ என்று எழுத எப்படி மனம் வந்தது?

‘துணை நடிகர்’ என்ற சொல்லும் என்னை வருத்தியது. நம் திரையுலகில் கூட்டத்தில் நின்று நாள்கூலி பெறுபவரை அப்படி அழைக்கிறோம். ஸ்டோன் ஏற்ற ஊர் மருத்துவர் டாக்டர் ஆடம்ஸ் போன்ற வேடத்தைத் தாங்குபவரைக் குணச்சித்திர நடிகர் என்கிறோம். இந்த வேறுபாட்டைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொலைக்காட்சிக்கு வருமுன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஸ்டோன் திரைப்படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் உழைத்தார். பலவற்றில் அவர் பெயரைக்கூடத் திரையில் போடவில்லை. 1939இல் ஜான் ஃபோர்டு இயக்கிய இளம் லிங்கன் பற்றிய படத்தில் லிங்கனின் அரசியல் எதிராளி ஸ்டீஃபன் டக்ளஸாக வந்தவர் அவர்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த நெடுங்காலப் பயிற்சிதான், மீசையைப் புறங்கையால் தடவுவதும் காதைப் பிடித்து இழுப்பதும் தொடரில் வரும் உதவிக் காவலர் ஃபெஸ்டஸோடு ஓயாமல் மல்லுக்கு நிற்பதுமாக அந்த முசுட்டு மருத்துவரை உயிருள்ள மனிதராக்கியது. அதற்காகவே 1968இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார்.

நான் 1971இல் மேற்படிப்புக்காகக் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகருக்குச் சென்று, வயதான ஓர் அம்மையாரின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். ஸ்டோன் பிறந்த பர்ட்டன் என்ற சிற்றூர் அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தொலைவு. அம்மையார் அவரைத் தம் ஊர்ப் பிள்ளையாகவே எண்ணியிருந்தார். திங்கட்கிழமை இரவுகளில் என்னையும் கூப்பிட்டுத் தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். அந்த இலையுதிர் காலத்தில் ஸ்டோன் இதய அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஓய்விலிருந்தார். சில வாரங்கள் அவருக்குப் பதிலாகப் பாட் ஹிங்கிள் வேறொரு மருத்துவராக நடித்தார். புதியவரை அம்மையார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் ஒவ்வொரு வாரமும், டாக்டர் எப்போது திரும்புவார் என்று, ஏதோ எனக்குத் தெரியும் என்பதுபோல என்னிடம் கேட்பார். ஸ்டோன் திரும்பி வந்த இரவில் அவர் கண்களைத் துடைத்துக்கொண்டதை அருகிலிருந்து பார்த்தவன் நான். வந்துபோகிறவருக்காக யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை.

இது முதல் முறையாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழில், வில்லன் நடிகர் ஜாக் ஈலமின் கோணலான இடக்கண்ணை ஒப்பனைக்காரரின் கைவண்ணம் என்று எழுதியிருந்தீர்கள். அது சிறுவயதில் பென்சில் குத்திப் பார்வை போன கண். அதைத் தெரிவித்து அன்றே கடிதம் எழுதினேன். திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. 2011இல் ஆர்னெஸ் மறைந்தபோது வெளியிட்ட அஞ்சலியில் ஃபெஸ்டஸாக நடித்த கென் கர்ட்டிஸின் படத்தைப் போட்டு, கீழே ‘டாக்டர்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அதற்கும் எழுதினேன். நாயகர்களின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை வந்தாலும் அடுத்த இதழிலேயே வருத்தம் தெரிவிக்கும் தாங்கள், குணச்சித்திர நடிகர்கள் என்றால் மட்டும் பாராமுகமாக இருப்பது முப்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழைப் பணம் கொடுத்து வாங்கிவரும் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

தனிக் கட்டுரை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. டாக்டர் ஆடம்ஸாக இருபது ஆண்டுகள் நடித்தவர் மில்பர்ன் ஸ்டோன் என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். படம் சேர்ப்பதாக இருந்தால், தயவுசெய்து அவருடைய படத்தையே சேர்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்